கீழிமை

ஒலுமடு தாண்டி அம்பகாமம் போகிற றோட்டில்
யானை லத்தி இன்னும் ஆவி விடுகிறது.
ஸ்கூட்டியை நிற்பாட்டிக் காத்திருந்தேன்.
தோளில் தராசு, காலடியில் திரிபோஷாப் பைகள்.
சும்மா நிற்கிற நேரம் பார்த்துத்தான்
பால் கட்டத் தொடங்கும்.

ஐந்து மாதம் என் மகனுக்கு.
விடியப்புறம் பிழிந்து மூடிவைத்த பால்
மாங்குளத்தில், அவனுடைய தகப்பனின் பொறுப்பில்.
கரண்டியால் பருக்குவான் மனுசன்.
பாதி பிள்ளைக்கு, பாதி தன் சாரத்துக்கு.

கஜந்தினிக்கு ஏழாம் மாதம்.
இரத்தம் ஒன்பது தசம் இரண்டு.
கோழிக்கூட்டுக்குப் பின்னால்
மழை கழுவிச் சாயம் போன இரும்புக் குளிசைகள்,
குனிந்து எண்ணினேன், பதினொன்று.
"ஓங்காளிக்குது மிஸ். வெளிக்குப் போனாலும் கரி மாதிரி."
கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய்.

இராச் சாப்பாட்டுக்குப் பிறகு போடு என்றேன்.
தேசிக்காய் பிழிந்த தண்ணியோடை விழுங்கு,
தேத்தண்ணியைக் கிட்டவும் எடுக்காதை.
வேலி முருங்கையை மாடு தின்னுது,
உனக்கு மட்டும் கசக்குதோ?
முகம் வீங்கினால், தலையிடித்துக் கண் மங்கினால்,
ஒரு சொட்டு இரத்தம் பட்டால்,
பிள்ளை துடிக்கிறது குறைஞ்சால்
விடியட்டும் எண்டு படுத்திருக்காதை.
அட்டையில என்ரை நம்பர் இருக்கு.
நடு றோட்டில யானை நிண்டாலும் வருவன்.

வாய்ப்பாடு மாதிரி வரும் இதெல்லாம் எனக்கு.
பிறந்த ஒரு மணித்தியாலத்துக்குள்ளை நெஞ்சில போடு,
அந்த மஞ்சள் பாலைப் பழசெண்டு பீச்சி எறியாதை,
ஆறு மாதத்துக்குத் தண்ணிகூட
என்று சொல்லிக்கொண்டிருக்கையில்
பக்கத்து வளவில் ஒரு குழந்தை வீரிட்டது.

அவ்வளவுதான்.
வெள்ளைச் சீருடையில் இரண்டு ஈர வட்டம்,
றப்பர் முத்திரை குத்தினதுபோல.
பதிவுப் புத்தகத்தால் மறைத்தேன்.
மறைத்த கையைப் பிடித்தாள் அவள்.

"மிஸ், எத்தினை மணிக்குச் சாப்பிட்டனீங்கள்?"

ஏழு மாதமாய்க் கேள்வி என்னுடையது,
விடை அவளுடையது.
வெறும் வயிற்றில் பிளேன்ரீ என்று சொல்ல
நாக்கு எழும்பவில்லை.
முகத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி
பெருவிரலால் என் கீழிமையை இழுத்தாள்.
நான் அவளுக்கு அழுத்துகிற அதே அழுத்தம்.
"வெளிறிப் போச்சு," என்றாள்,
என் குரலைப் பிடித்து, என் புருவத்தையும் பிடித்து.
"அட்டையில எழுதவோ?"

சிரித்ததில் அவள் வயிறு குலுங்க
உள்ளே இருந்தவர் உதைத்தார்.
கையை எடுத்து வைத்துக் காட்டினாள்.

பூசாத சுவர் அறைக்குள் என்னை விட்டு
கதவைச் சாத்தினாள்.
கொதிதண்ணியில் அவித்தெடுத்த போத்தலொன்று
கதவிடுக்கால் வந்தது.
மற்ற நாட்களில் பாலைமரத்தடியில்,
றோட்டுக்கு முதுகு காட்டி,
மண்ணுக்குத்தான் பீச்சிவிட்டுப் போவேன்.
இன்றைக்குக் கை கழுவி,
ஓலைப்பாயில் கால் நீட்டி,
அவசரமில்லாமல்.

வெளியில் வந்தால் ஒரு கோப்பைச் சோறு.
குளத்து விரால் குழம்பு, முருங்கையிலை வறை.
"மாட்டுக்கு மிஞ்சினது," என்றாள்.
நான் சாப்பிட்டு முடிக்கும்வரை
எதிரில் இருந்து அவளும் சாப்பிட்டாள்.
முந்தி ஒருநாளும் அவள் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை,
சாப்பிட்டனியோ என்று கேட்டதோடு சரி.

அறை வெப்பத்தில் நாலு மணித்தியாலம் தாங்கும்.
எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்.
லத்தி காய்ந்து கிடந்த வளைவில்
எனக்கே ஒருதரம் சொல்லிப் பார்த்தேன்.
இரண்டு திரிபோஷாப் பைக்கு நடுவில் போத்தல்.
மூடி இறுக்கம்தான்.
எண்டாலும் மாங்குளம் மட்டும்
பள்ளத்துக்குப் பள்ளம் பிறேக் பிடித்தே போனேன்.