இடைவேளை வரைக்கும்

விடிய மூண்டு நாப்பதுக்கு எழும்புறவள்
படம் பார்க்கிறதெண்டால்
பாதிப் படம்தான்.
வூப்பர்டாலில் பத்து வருசமாய்
வெள்ளி இரவுகளில்
இடைவேளைக்கு அங்காலை நான் போகேல்லை.

அதாலை என்ர படங்களில்
இதுவரைக்கும் ஒருத்தரும் சாகேல்லை.
வில்லன்கள் எல்லாம்
நல்லாய் உடுத்தின, கொஞ்சம் கோபக்கார மனுசர்.
கதாநாயகனுக்கு இன்னும் வேலை கிடைக்கேல்லை,
ஆனால் வாடகை எங்கை எண்டு
ஒருத்தரும் அவனைக் கேட்கிறதுமில்லை.
தாய்க்கு இப்பதான் இருமல் தொடங்கியிருக்கு.
அதோடை எனக்குக் கண் சொக்கிப்போம்.

பாதி பார்த்தாலும் அபிப்பிராயம் முழுசு.
பாட்டு நீளம். சண்டை அதைவிட நீளம்.
அழுதும் மை கரையாத பெண்களை
நான் நம்பமாட்டன்.
ஒரு படத்தில் வேலைக்காரி நிலம் துடைக்கிறாள்:
துணி காய்ஞ்சு கிடக்கு, வாளி வெறும் வாளி,
பின்னாலை பின்னாலை போகாமல்
முன்னாலை வந்து
துடைச்ச இடத்திலையே கால் வைக்கிறாள்.
டைரக்டர் ஒருநாளும் மொப் பிடிச்சதில்லை.
நீச்சல் தடாகத்தில் எங்களை மேய்க்கிற
ஃப்ராவ் கெர்லாஹ் கண்டிருந்தால்
முதல் நாளே அவளை வீட்டை அனுப்பியிருப்பா.

யன்னலுக்கு வெளியிலை, ஆத்துக்கு மேலை,
தொங்கு ரயில் போகும்.
கடற்கரையில் காதல் சொல்லுறவையின்ர முகத்தில்
ஓபர்பார்மனுக்குப் போற வெளிச்சம்
ஒருக்கால் கீறிக்கொண்டு போகும்.
அவை கவனிக்கிறேல்லை.

மத்தியானம் வேலையாலை வந்து
உள்ளி உரிச்சுக்கொண்டு கேட்பன்:
பிறகு என்ன நடந்தது?
இவர் சொல்லுவார், கை நீட்டி, குரல் மாத்தி.
இருமின தாய்க்குச் சுகம் வரும்.
காணாமல் போன தம்பி
ஒரு பெட்டியோடை வந்து வாசலில் நிப்பான்.
ஒருக்கால் வில்லன் மனம் மாறி
பேக்கரி திறந்தான்.
"என்ன பேக்கரி?" எண்டு கேட்டன்.
"பணிஸ்தான்" எண்டார்.

போன கிழமை தடாகம் பூட்டு.
குழாய் திருத்துறாங்களாம்.
அலாரம் வைக்காத வெள்ளிக்கிழமை.
மகள் ஆரபி ஒரு கொலைப் படத்தைப் போட்டுவிட்டு
தன்ர அறைக்குப் போயிட்டாள்.
இடைவேளை எண்டு எழுத்து விழுந்தது.
ரிக்கெற் இல்லாமல் ரயிலேறினவள் மாதிரி
நான் அங்காலை போனன்.

திரும்பிப் பார்த்தால்
இவர் வாய் திறந்தபடி நித்திரை.
வயித்திலை வைச்ச கடலைக் கோப்பை
மூச்சுக்கு ஏறி இறங்குது, ஒரு கடலை சிந்தேல்லை.
அந்தப் பழக்கத்தைப் பார்த்தால்
இண்டைக்குத் தொடங்கினது மாதிரித் தெரியேல்லை.

பத்து வருசம்.
அந்தத் தாய். அந்தத் தம்பி.
அந்தப் பணிஸ்.

திரையில் கொலைகாரன் ரத்தம் துடைக்கிறான்.
முதல் பாதியில் நாய்க்குச் சோறு வைச்சவன்,
எனக்குப் பிடிச்சுப்போன பெடியன்.
கேத்திலாலை ஆவி பறக்க ஊத்துறான்.
வாய்விட்டுச் சொல்லிப்போட்டன்:
"சுடுதண்ணி ஊத்தாதை மடையா,
ரத்தம் அவிஞ்சு ஒட்டிப்போம்.
பச்சைத்தண்ணி, உப்பு, பிறகு பொறுமை."
இவர் அசையேல்லை.
அவனும் கேட்கேல்லை.
கறையை வைச்சே பிடிச்சாங்கள்.
ஓடேக்கை சுட்டாங்கள்.

எழுத்து ஓடி முடியுமட்டும் இருந்தன்.
நாய்க்கு என்ன நடந்ததெண்டு
ஒருத்தரும் காட்டேல்லை.
கோப்பையை எடுத்து மேசையில் வைச்சன்.

அடுத்த நாள் உள்ளி உரிக்கேக்கை
நான் கேட்கமுந்தி இவரே தொடங்கினார்:
"கொலை செய்தது அவனில்லையாம்.
பொலிஸ் மன்னிப்புக் கேட்டு
நாயையும் வீட்டை கொண்டுவந்து விட்டது."
நான் தோலை ஊதித் தள்ளினன்.
"நிலத்துக்கு என்ன செய்தவங்கள்?"

கொஞ்சம் யோசிச்சார்.
"பச்சைத்தண்ணி ஊத்தினவங்கள்" எண்டார்.