உலர்ந்த எண்

கால்கரி வடகிழக்கில், டயர் கடைக்குப் பின்னால்
எங்கள் ஆய்வுக்கூடம்.
ஜனவரியில் சினூக் காற்று வந்த அன்று
கூரைப் பனி ஒரே பகலில் உருகிக் கொட்டியது.
காற்றழுத்தம் சரிய
என் இடது கண்ணுக்குப் பின்னால் ஓர் ஆணி.

மேசையில் ஷேல் பொடி, நாற்பது கிராம்.
ஃபாக்ஸ் கிரீக் பக்கம்
மூவாயிரத்து இருநூறு மீட்டர் ஆழத்தில் அறுத்த கல்.
விரலில் தேய்த்தால் கண்மை.
அதற்குள் மூன்று டென்னிஸ் களங்களை
யாரோ மடித்து மடித்து வைத்திருக்கிறார்கள்.

மீத்தேன் அந்தச் சுவர்களில்
ஊறிப் போவதில்லை, சாய்ந்து நிற்கிறது,
ஒட்டியும் ஒட்டாமலும்.
தாமரை இலைத் தண்ணீர் என்று எழுதப் போய் அடித்தேன்.
இங்கே இலையல்லவா
போகாதே என்கிறது.

டரில் ஃப்ரீசன் வால்வைத் திறக்கிறான்.
முதலில் ஹீலியம். யாரோடும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை அதற்கு;
காலி இடம் எவ்வளவென்று அளந்து சொல்லிவிட்டுப்
போய்விடும்.
பிறகு மீத்தேன்: ஐந்து பார், பத்து, இருபது.
ஒவ்வொரு படிக்கும் எட்டு மணி நேரக் காத்திருப்பு.
டரில் குறுக்கெழுத்துப் போட்டி போடுவான்,
நான் போடுபவனைப் பார்ப்பேன்.
காணாமல் போனதுதான் எங்கள் கணக்கு:
உள்ளே விட்டதில்
வெளியே நிற்பதைக் கழித்தால்
பாறை பிடித்துக்கொண்டது.
அதை யாரும் பார்த்ததில்லை.

புள்ளிகளுக்கு நடுவே கோடு இழுப்பது என் பிழைப்பு.
வரிசையாய் நாற்காலிகள், ஆளுக்கு ஒன்று,
பக்கத்தில் இருப்பவரோடு பேசக்கூடாது.
மாதிரியின் விதி இவ்வளவே.
பாறைக்கு இந்த விதி தெரியாது.

நூறு பாரைத் தாண்டியதும் கோடு தலை குனிகிறது.
கல் கைவிட்டது என்று தோன்றும்.
இல்லை, நடுக்கூடத்திலும் நெரிசல் கூடிவிட்டது;
சுவரோரம் நிற்பவர் யார், சும்மா நிற்பவர் யார்,
தெரியவில்லை.
ஒரு திருத்தம் போடுகிறேன்.
திருத்தத்துக்குள் ஓர் அனுமானம்,
அதை அடிக்குறிப்பில் சின்ன எழுத்தில்.

கோடு எல்லாப் புள்ளிகளிலும் உட்கார்ந்தது.
இவ்வளவு அழகாய்ப் பொருந்தினால் எனக்குப் பயம்.
டரிலின் நோட்டைப் புரட்டினேன்.
பென்சிலில்: அடுப்பு, நூற்றைந்து டிகிரி, ஒரு நாள்.
காய வைத்திருக்கிறான்.
எல்லோரும் காய வைப்பார்கள்.
முப்பத்தேழு கோடி வருஷத்தில்
அந்தக் கல் ஒரு நாளும் காய்ந்திருந்ததில்லை.

மறுபடி முதலிலிருந்து.
உப்புக் கரைசல் வைத்த கண்ணாடிக் கூண்டில்
இரண்டு வாரம் ஈரம் குடிக்கவிட்டோம் பொடியை.
தண்ணீர் வந்து
பஸ் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல்
நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டது.
மீத்தேனுக்கு மிஞ்சியது படிக்கட்டு.
புதிய எண் பழையதில் பாதிகூட இல்லை.

மெக்காஸ்கில் ஃபோனில் சிரித்தார்.
'ஒப்பந்தத்தில் உலர் எண்தானே இருக்கிறது?
பக்கத்துக் கிணற்றுக்காரர்களும் அதையே காட்டுகிறார்கள்.'
பொய் சொல்லவில்லை அவர்.
நானும் அந்த எண்ணைப் பொய் என்று சொல்ல முடியாது,
அடுப்பிலிருந்து வந்த கல்லுக்கு அது மெய்.
இரண்டு பத்தியாக அனுப்பினேன்.
ஒன்றை வெட்டுவார்.
எதை என்று கேட்காதீர்கள்.

மாலை வெளியே மறுபடி பத்துக்குக் கீழே.
பகலில் உருகியதெல்லாம் கார்க் கதவில் இறுகியிருந்தது;
வாயை வைத்து ஊதினேன், சாவித் துளை
என் மூச்சையும் பிடித்து வைத்துக்கொண்டது.

காலையில் டரில் கிண்ணத்தைக் காலி செய்தான்.
இரவு முழுக்க வெற்றிடம் இழுத்தும்
முள் பூஜ்யத்துக்கு வரவில்லை.
விரலால் கருவியைத் தட்டினான், இரண்டு முறை.
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் மூன்று.
இது எந்தப் பத்தியில் என்று கேட்டான்.
நான் இன்னும் எழுதவில்லை.