ஏறத்தாழப் புதிது

செப்டம்பர் கடைசியில்,
வாத்துகள் தெற்கே போகும் வாரம்,
எங்கள் வாடகைக் கார்களுக்குப் பெயர் மாறும்.
முன்கண்ணாடியில் என் கையெழுத்தில் எழுதுவேன்:
ஏறத்தாழப் புதிது.

அந்த 'ஏறத்தாழ'வுக்குள் என்னவெல்லாம் கிடக்கிறது என்று
யாரும் கேட்காத வரை
எனக்கு நல்ல நாள்.

சோல்ரூன் கேட்டாள்.
தால்விக்கிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திறங்கி,
மீன் ஆலையின் நீலச் சட்டையோடு,
பையில் ஒரு டார்ச்,
துணியில் சுற்றிய ஒரு காந்தம்.

"ஜூலையில் விசாரித்தேனே, பிர்கிர்.
முப்பத்து நான்கு லட்சம் என்றாய்."
"இப்போது இருபத்தொன்பது."
"பனி விழுந்தால்?"
நான் கடற்கழிக்கு மேலே வானத்தைப் பார்த்தேன்.
அவளும் பார்த்தாள்.

தானம் வந்த மாட்டைத்தானே
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது?
இது விலைக்கு வந்த மாடு.
டயர் பள்ளத்தில் நாணயத்தைச் செருகினாள்.
கதவோரம் காந்தத்தை நகர்த்தினாள்;
ஓரிடத்தில் அது வழுக்கியது,
பூச்சுக்கடியில் மாவு.
நான் தும்மினேன்.

ஓட்டுநர் கதவைத் திறந்தாள்.
அரை விரல் தொங்கிற்று.
"காற்று" என்றாள்.
எந்த நாட்டுக்காரரோ,
காற்றுக்கு முதுகு காட்டி வண்டியை நிறுத்திவிட்டு
கதவைத் திறந்திருக்கிறார்.
எங்கள் ஊரில் அப்படித் திறந்தால்
கதவு நம்முடையதில்லை.

டார்ச்சைக் கண்ணாடிக்குக் கீழே பிடித்தாள்.
வெளிச்ச மேசைமேல் மீன் துண்டை வைத்து
பத்தொன்பது வருடம் முள் தேடிய கண்.
தெற்குக் கரையின் மணல் உரசிய புள்ளிகள்
ஒவ்வொன்றாக எழுந்து நின்றன.
பதினான்கே மாத வண்டி.
நாற்பத்தோராயிரம் கிலோமீட்டர்.

பிறகு யாரும் செய்யாததைச் செய்தாள்:
சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தாள்.
இழுக்க இழுக்க வந்தது.
கடைசிச் சாணில்
ஒரு சாம்பல் கோடு.

"ஆறு."
"ஆற்றில் இறக்க மாட்டோம் என்று
எல்லோரும் கையெழுத்துப் போட்டுத்தான் எடுத்துப் போகிறார்கள்."
"எல்லோரும்" என்றாள்,
தரைவிரிப்பைத் தூக்கி முகர்ந்தபடி.
காய்ந்துதான் இருந்தது. அதையும் சொன்னாள்.
நியாயமான பெண்பிள்ளை.

இருபத்தெட்டு.
இருபத்தேழரை.
என் கழுதை தேய்ந்துகொண்டே வந்து
இருபத்தாறு லட்சத்து நாற்பதாயிரம் குரோனாவில்
கட்டெறும்பாயிற்று.
பனிக்காலச் சக்கரம் நான்கும் அவளுக்கே.

சாவியைக் கொடுக்குமுன் திரையைத் தொட்டேன்.
பழைய பயணங்கள்: நூற்று எண்பத்தாறு.
"அழித்துவிடுகிறேன். விதி."
"இரு."

படிக்க ஆரம்பித்தாள்.
அருவிகள், பனியாற்று வாய்கள்,
கறுப்புக் கடற்கரைகள்.
உதடு அசைய, ஆலையில் பெட்டி எண்ணுகிறவள்போல.
"இங்கெல்லாம் போயிருக்கிறதா இது?"
"போயிருக்கும்."
"நான் ரெய்க்யாவிக்குக்கு இரண்டு தடவை.
இரண்டும் ஆஸ்பத்திரிக்கு."

பட்டியலில் ஓரிடத்துக்குப் பெயரே இல்லை.
வெறும் எண்கள்,
கிழக்கே எங்கோ.
நான்கு முறை போயிருக்கிறார்கள்,
நான்கும் வேறு வேறு மாதம்.
"அங்கே என்ன இருக்கிறது?"
எனக்குத் தெரியவில்லை.
கதவுக்கும் கண்ணாடிக்கும் ஆற்றுக்கும்
விலை குறைத்தவள்
இதற்கு ஒன்றும் பேசவில்லை.

"அழிக்காதே."

பணம் வந்தது. ரசீதைக் கிழித்தேன்.
அடுத்த காரின் கண்ணாடியில்
'ஏறத்' வரை எழுதியிருந்தபோது
அவள் வாசலைத் தாண்டினாள்.
தால்விக் இடது பக்கம்.
வலது விளக்கு மின்னியது.

பெட்ரோல் பங்க்கும்
வலது பக்கம்தான்.