இருபது நிமிட நிறுத்தம்

சாயதாபாத்தில் கிளம்பிச் சிட்டகாங் போகும் இரவுப் பேருந்துகள்
கொமில்லாவில் எங்கள் உணவகத்தில் நிற்கும்.
இருபது நிமிடம்.
அந்த இருபது நிமிடத்துக்காக
மாலை நான்கு மணியிலிருந்து
பாட்டில்களின் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பேன்.

பஞ்சு, நகப்பூச்சு அழிக்கும் திரவம்,
கொஞ்சம் பொறுமை.
பதினைந்து டாக்கா
முதலில் நீலமாகக் கலங்கும்,
பிறகு பஞ்சுக்கு ஏறிவிடும்.
கீழே இருக்கும் காலாவதித் தேதியைத் தொடக் கூடாது.
தொட்டால் அது பாவம் என்பார்
மேலாளர் தோஃபாஸல் பாய்.
அவருக்கும் ஓர் எல்லை உண்டு.
மூன்று மில்லிமீட்டர் அகலம்.

பிஸ்கட் உறை ஒத்துழைக்காது.
அதன் மேல் எங்கள் சீட்டை ஒட்டிவிடுவோம்.

வாய்ச்சண்டைக்காரர்களிடம் எங்களுக்குப் பயமில்லை.
ஹாரன் கேட்டால்
நியாயத்தைப் பாதி வாக்கியத்தில் போட்டுவிட்டு ஓடுவார்கள்.
ஓட்டுநருக்கு எங்களிடம் சாப்பாடு இலவசம்:
மாட்டுக்கறி, கேட்கும் மட்டும் பருப்பு, ஒரு பாக்கெட் சிகரெட்.
எப்போது அடிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

அந்தப் பெண் சண்டை போடவில்லை.
அறுந்த செருப்பு வாரில் ஊக்கு குத்தியிருந்தாள்.
ஒரு தண்ணீர்.
முப்பது என்றேன்.
பாட்டிலை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தாள்,
கூமுட்டையா என்று பார்ப்பதுபோல.
பணத்தை வைத்தாள்.
"ரசீது."

எட்டு மாதத்தில் அங்கே அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை.
இயந்திரத்தில் காகிதம் இல்லை என்றேன்.
"கையால் எழுதுங்கள்."
ஹாரன்.
அவள் திரும்பவில்லை.
மறுபடி ஹாரன்.
யாரோ ஒரு பயணி, அவளுக்குத் தெரியாதவர்,
பேருந்துப் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றுகொண்டார்.
கதவை மூட முடியவில்லை.
தோஃபாஸல் பாய் தலையசைத்தார். எழுதினேன்:
தண்ணீர் ஒன்று. முப்பது.
என் கையெழுத்து இவ்வளவு தெளிவானது என்று
அன்றுதான் எனக்கே தெரிந்தது.

விசாரணையில் இரண்டு பாட்டில்களை மேசைமேல் வைத்தாளாம்.
எங்களுடையது ஒன்று,
சாயதாபாத்தில் வாங்கியது ஒன்று.
இரண்டிலும் ஒரே தொகுதி எண்.
அதை அழிக்கச் சொல்லி யாரும் என்னிடம் சொல்லவில்லை.

அபராதம் இருபதாயிரம்.
அதில் கால் பங்கு புகார் கொடுத்தவருக்கு.
ரெஹ்னுமா கானம் என்று கையொப்பமிட்டு
ஐயாயிரம் வாங்கிப் போனாள்.
முதலாளி இருபதாயிரத்தையும்
எங்கள் பதினோரு பேரிடம் பிடித்தார்,
மாதாமாதம், வலிக்காமல்.
யார்மேல் கோபப்படுவது?
கொஞ்ச நாள் எனக்கு அதன் முகவரி கிடைக்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்தபோது ஒன்பதாயிரம் என்றார்கள்.
பிடித்தம் தொடங்கும் முன்பே கைக்கு வந்தது ஏழு.
நான் ரசீது கேட்டதில்லை.

இப்போது தண்ணீர் பதினைந்து.
சுவரிலேயே பெரிதாக எழுதியிருக்கிறது.
திரவப் புட்டி கழுவும் தொட்டிக்கு அடியில் கிடக்கிறது,
கொட்டிவிடச் சொல்லி இதுவரை உத்தரவு வரவில்லை.

பனி இறங்கிய ஓர் இரவு அவள் மறுபடி வந்தாள்.
புதுச் செருப்பு.
சுவரைப் படித்தாள். சிரிக்கவில்லை,
ஆனால் சால்வையைத் தளர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள்.
டீ சொன்னாள்.
டீ இருபதிலிருந்து முப்பத்தைந்துக்குப் போயிருந்தது.
கண்ணாடி டம்ளரில் யாரும் விலை அச்சடிப்பதில்லை.
பழக்கத்தில் அதையும் விளக்குக்கு நேரே தூக்கினாள்.
பழுப்பு. ஆவி.
கேட்கும் முன்பே ரசீதுப் புத்தகத்தை எடுத்தேன்.
"இதற்கு வேண்டாம்," என்றாள்.
"எதையும் அழிக்கவில்லையே."

இருபதில் ஒன்பது நிமிடம் போயிருந்தது.
தோஃபாஸல் பாய் கல்லாவில் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார்.
மேசையைத் துடைத்தேன். சுத்தமான இடத்தையே மறுபடி துடைத்தேன்.
"தண்ணீருக்கு ஓர் அலுவலகம் இருப்பதுபோல,"
குரல் எனக்கே கேட்கவில்லை,
"சம்பளத்துக்கு இருக்கிறதா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.
வெற்று ரசீது ஒன்றைக் கிழித்துத் திருப்பிப் போட்டு
பேனாவுக்குக் கை நீட்டினாள்.
முதல் வரி முடியவில்லை,
ஹாரன்.