இரண்டு டேங்குகளுக்கு நடுவே

"கடல் தெரியும் ரூம்" என்றுதான்
போனில் சொன்னான் லாட்ஜ்காரன்.
தெரிந்தது.
எதிர்மாடியின் இரண்டு தண்ணீர் டேங்குகளுக்கு நடுவே
ஒரு முழ அகலத்தில்,
இஸ்திரி போட்டு மடித்து வைத்த மாதிரி.
பிள்ளைகள் முறைவைத்துப் பார்த்தார்கள்.
வேணியின் முறையில் ஒரு கப்பல் வந்தது.
ராசாவின் முறையில் ஒரு காக்கா.

பேட்டையிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான் தூத்துக்குடி.
கல்யாணமாகிப் பதினாலு வருசம் கழித்து வந்திருக்கிறோம்.
மில்லில் லீவு கிடையாது என்று
மே மாசத்துக்கு மே மாசம் சொன்ன மனுசன்
இந்த மே மாசம்
தானே பரணில் ஏறிப் பையை இறக்கித் தூசி தட்டினார்.
"அப்பாவுக்கும் முழுப்பரீட்சை லீவா?" என்றான் ராசா.
"ஆமாலே" என்றார்.
நான் துண்டு மடித்துக்கொண்டிருந்தேன்.
மடித்த துண்டையே மறுபடி மடித்தேன்.

சாயங்காலம் முத்துநகர் கடற்கரை.
இங்கே வெயில் முதுகுப் பக்கமிருந்து அடிக்கிறது.
எங்களுக்கு முன்னால் எங்கள் நிழல்கள் போய்
முதலில் நனைந்தன.
அலை என்று சொல்லும்படி ஒன்றுமில்லை, குளம் மாதிரிக் கிடந்தது.
அதற்கே வேணி கத்திய கத்தலில்
சுண்டல்காரர் திரும்பிப் பார்த்தார்.
வரும் வழியில் மக்ரூன் கால் கிலோ கேட்டவர்
பொட்டலம் கட்டுமுன்
"நூறு கிராம் போதும்" என்று திருத்திக்கொண்டார்.

மறுநாள் படகில் போயே ஆகணும் என்று பிள்ளைகள் ஒரே பிடி.
மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள்
தோளோடு தோள் இடித்து நின்றன,
ஸ்டிரைக் நாளில் ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு மாதிரி.
எங்கும் பெயின்ட் வாசம்.
ஏணி சாய்த்து ஒரு படகின் நெற்றிக்கு
நீலம் பூசிக்கொண்டிருந்தார் மிராண்டா என்கிறவர்.
"தடைக்காலம்லா. அறுவத்தொரு நாள்.
மீனு குஞ்சு பொரிக்கணும், நாங்க பெயின்ட் அடிக்கணும்.
கட்டிக் கெடக்க போட்டுல வேணா ஏறிக்கிடுங்க,
காசு வேண்டாம்."

அவர் மகள் பிளாவியாதான் கேப்டன்.
முன்பல் ரெண்டு இல்லை.
கயிற்றைவிட்டு ஓரடி நகராத படகில்
மணப்பாடு தாண்டி, கொழும்பு தாண்டி,
மாலத்தீவில் எங்களை இறக்கிவிட்டாள்.
இறங்கும்போது ராசா பெருமையாகச் சொன்னான்:
"எங்க அப்பாக்கும் ஒரு மாசமா லீவு."

அவள் அண்ணாந்து இவரைப் பார்த்தாள்.
"அப்ப ஒங்களுக்கும் தடைக்காலமா மாமா?
நிவாரணம் வந்துட்டா?"

யாராவது சிரித்திருக்கலாம்.
டயரில் படகு உரசும் சத்தம்
கொஞ்ச நேரம் தனியாகக் கேட்டது.
"இன்னும் வரல தாயி" என்றார்.

ஏணியில் பிரஷ் நின்றது.
மிராண்டா இவரை மேலிருந்து பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.
"அண்ணாச்சி, அந்த வாளிக்குள்ள இன்னொரு பிரஷ் கெடக்கு.
இந்தப் பக்கம் பூரா பாக்கி."

சட்டையைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு
மத்தியானம் வரை பூசினார்.
நூல் பிரிந்து நூல் கட்டின விரல்கள்,
ஒரு சொட்டுக் கீழே விடவில்லை.
அவர் சோலி பார்த்து இதுவரை நான் பார்த்ததில்லை.
மில் கேட்டோடு சரி, சாப்பாட்டுத் தூக்கு கொடுத்துத் திரும்பிவிடுவேன்.

ராத்திரி, பிள்ளைகள் தூங்கின பிறகு,
டேங்குகளுக்கு நடுவே ஒரு விளக்கு அசைந்தது.
"ஜூன் பதினஞ்சு" என்றார்.
"என்னது?"
"அன்னைக்கு விடியக்காலம்
அம்புட்டு போட்டும் ஒண்ணாக் கெளம்புமாம்."
நான் விரல்விட்டு எண்ண ஆரம்பித்து
நடுவில் நிறுத்தினேன்.
மில் கேட்டில் ஒட்டின தாளை நானும் வாசித்திருக்கிறேன்.
அதில் கையெழுத்து இருக்கிறது, சீல் இருக்கிறது.
தேதி எழுத வேண்டிய இடத்தில்
'மறு அறிவிப்பு வரும் வரை'.

காலையில் லாட்ஜ் தலையணை உறையில்
நீலமாக ஒரு கட்டைவிரல்.
காசு கேட்பான் என்று
திருப்பிப் போட்டேன்.