இரண்டாம் தரம்

அக்டோபரில் எங்கள் வயலின் சோயா
லாரியேறிப் போகிறது.
எடைமேடையில் சீட்டு வாங்குகிறான் லீலண்ட்,
புஷலுக்குப் பத்து டாலர் சொச்சம்.
பிறகு எங்கெங்கோ பிழியப்பட்டு
எண்ணெயாகி, இறுகி,
வெள்ளைச் செதிலாய் அட்டைப்பெட்டியில்
என் வாசலுக்கே வந்து இறங்குகிறது:
ஐம்பது பவுண்டு, தொண்ணூற்றெட்டு டாலர்,
கூரியர் கூலி தனி.
எங்கள் அவரையா அது, யாருக்குத் தெரியும்?
"வித்ததும் நாம, வாங்குறதும் நாம,
நடுவுல எவனோ பணக்காரன்" என்கிறான்.

துணி உலர்த்தும் எந்திரத்துக்கும்
ஃப்ரீஸருக்கும் நடுவே என் தொழிற்சாலை.
நூற்றெண்பத்தைந்து பாகையில் வாசனை எண்ணெய்,
நூற்று முப்பத்தைந்தில் வார்ப்பு.
கொஞ்சம் பிசகினால்
விடியும்போது நடுவில் குழி,
கண்ணாடியோரம் ஈரத்திட்டு,
அல்லது மேலெல்லாம் உப்புப் பூத்தாற்போல் வெள்ளை.
சோயாவின் குணம் அது, குற்றமில்லை என்று
பதின்மூன்று பேருக்கு விளக்கியிருக்கிறேன்.
பதின்மூன்று பேரும் தலையாட்டிவிட்டு
பாரஃபின் வாங்கப் போனார்கள்.

குழி விழுந்தவையும் பூத்தவையும்
மாடிப்படிக்குக் கீழே ஒரு பெட்டியில்.
பெட்டிமேல் எழுதியிருக்கிறேன்: இரண்டாம் தரம்.

ஜாடி இரண்டு பத்து, மெழுகு ஒன்று ஐம்பது,
வாசனை ஒன்று எண்பது, திரி பத்துக் காசு,
சனிக்கிழமைச் சந்தையில் மேசை வாடகை இருபத்தைந்து.
விற்பது பதினான்குக்கு.
என் நேரத்துக்கு ஒரு கட்டம் போட்டு வைத்தேன்,
இதுவரை அதில் எதுவும் எழுதவில்லை.

இரண்டு குளிர்காலம் முன்பு வந்த காய்ச்சல்
லீலண்டின் மூக்கை எடுத்துக்கொண்டு போனது.
காபி அவனுக்கு வெறும் சூடு,
டீசல் வெறும் ஈரம்.
ஆகவே அவன்தான் என் சோதனையாளன்:
வாசனையில் மயங்காதவன்.
நான்கு மணி நேரம் எரியவிட்டு,
உருகிய குளத்தின் அகலத்தை
ஸ்கேல் வைத்து அளந்து
விதைக் கம்பெனி நாட்குறிப்பில் எழுதுவான்:
"ஏழாம் நம்பர் திரி. ஓரம் உருகலை. போதாது."

ஜனவரியில் பெய்தது
விழுந்த இடத்திலேயே கண்ணாடியாகும் மழை.
கம்பிகள் அறுந்தன. மூன்று இரவுகள் ஊர் இருட்டு.
முதல் தரம் முதல் நாளே தீர்ந்தது.
இரண்டாம் நாள் பின்கதவைத் தட்டியவள் ஆர்லிஸ் போஹாச்.
பூத்துவிட்டதென்று இலையுதிர்காலத்தில்
மூன்று ஜாடிகளைத் திருப்பித் தந்தவள்.
படிக்கட்டுப் பெட்டியை இழுத்துவந்தேன்.
டார்ச் வெளிச்சத்தில், அவளே எழுதிய புகார்ச்சீட்டு
ஒரு மூடியில் இன்னும் ஒட்டியிருந்தது.
இருவரும் படித்தோம்.
ஏழு டாலர் என்றேன். பதினான்கு வைத்தாள்.
மீதியை அவள் கேட்கவில்லை,
நானும் நீட்டவில்லை.

"தெருவே ஆப்பிள் பை வாடை அடிக்குது,
நேத்துலேர்ந்து நான் சாப்பிடலை" என்று
கம்பத்திலிருந்தே அலுத்துக்கொண்டான் மின்துறை வால்டன்.
லவங்கப்பட்டை ஆப்பிள்: எப்போதும் விற்காதது,
பெட்டியில் அதுதான் அதிகம்.

மூன்றாம் இரவு
எங்களுக்கு மிஞ்சியது ஒன்றே ஒன்று.
குழிவிழுந்த ஜாடி, ஒன்பதாம் நம்பர் திரி.
அடுப்படி மேசையில் ஏற்றிவிட்டுப்
பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன்.
லீலண்ட் எனக்கு முதுகு காட்டி
ஜன்னலில் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.
"திரி நீளம்" என்றான்.
"கரி கக்குது."

ஜன்னல் கண்ணாடியில் பார்த்தானா,
வேறெப்படியுமா?
கேட்டால் உடைந்துவிடும் போலிருந்தது.
கத்தரிக்கோலைத் தேடினேன்,
வேண்டுமென்றே
கொஞ்சம் தாமதமாக.