ட்ராக் 04

லாட்ஜ் பதிவேட்டில் அவன் பெயரை
மூன்று முறை அடித்து எழுதினேன்:
லால்ருவாத்தா, ஐஸால்.
வந்த காரணம்: தம்பி. ரத்தம்.

பாபு ராவ் தெருவில் ராத்திரி ஒன்றரைக்கும்
சுவர் சுடும்.
மொட்டை மாடியில், யாரோ ஒரு வங்காளத்து அம்மாவின்
ஈரப் புடவைக்குக் கீழே
இயர்போனின் ஒரு காதை என்னிடம் நீட்டினான்.
அவனுக்குத் தெரிந்த தமிழ் 'சுடுதண்ணி', 'எவ்ளோ'.
எனக்கு அவன் மொழியில் அதுவும் இல்லை.

கிடார் முதலில்
துருப்பிடித்த ஷட்டரை இழுக்கிற மாதிரி கரகரத்தது.
பிறகு ஒருவன் கத்தினான்,
பில் கவுன்டரில் இவன் கத்தாததையெல்லாம்.
கண்ணை மூடி
தண்ணீர்த் தொட்டியில் விரலால் தட்டிக்கொண்டிருந்தான்.

என் முறை.
காட்பாடி ரயிலில் எவனோ ப்ளூடூத்தில் அனுப்பியது.
பெயர் தெரியாது, ட்ராக் 04 என்றுதான் இருக்கும்.
அதில் டிரம்ஸ் ஒரு நொடி தாமதமாக வரும்.
அந்த நொடிக்காகத்தான் கேட்கிறேன்,
பாலிடெக்னிக்கை விட்ட நாளிலிருந்து.
எப்படிச் சொல்ல?
நெஞ்சில் கை வைத்து, எடுத்து,
காற்றில் நிறுத்திக் காட்டினேன்.
மறுபடி என்று விரலைச் சுழற்றினான்.
நாலு தடவை.
எதிரே மலை, மொத்தமும் பாறை,
பகல் வெயிலை இன்னும் விடாமல்.

பதினோராம் நாள் அறை காலி.
பாக்கி இல்லை என்று பகல் ஷிப்ட்காரர் எழுதியிருந்தார்.
போனது இரண்டு பேரா, ஒருவரா,
அதற்கு நோட்டில் கட்டம் கிடையாது.

நேற்று அவனிடமிருந்து ஒரு பாட்டு.
கூட ஒரு வார்த்தை இல்லை.
ஆறு நிமிஷம், பன்னிரண்டு நொடி.
இன்னும் போடவில்லை.
ஏழாம் நம்பரில் மணி அடிக்கிறார்கள், சுடுதண்ணிக்கு.
பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு படியேறுகிறேன்,
போன் சட்டைப் பையில்.